அண்ணன் மூஞ்சி இருந்த மெஷினு

எங்க அண்ணன் ஆஸ்பத்திரில படுத்திருந்தது வேற ஒருத்தர் பேர்ல.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு பெரிய ஓட்டல்ல, அண்டர்கிரவுண்ட்ல இருக்கற லாண்ட்ரிலதான் அவனுக்கு வேல. ரூமுங்கள்ல இருந்து வர்ற பெட்ஷீட்டு, டவலு எல்லாத்தையும் தள்ளுவண்டில போட்டு சர்வீஸ் லிஃப்ட்ல எறக்கணும், தோச்சு மேல அனுப்பணும். அந்த வேல அவனோடது இல்ல. நாங்க இருக்கற ஒக்கலிபுரத்துல, எங்க லைன் வீடுங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. யாராச்சும் ஊருக்குப் போயி ரொம்ப நாள் இருக்கணும்னா, எடம் போயிடக் கூடாதுன்னு தெரிஞ்ச பையன ஒருத்தன விட்டுட்டுப் போவாங்க. பத்லின்னு சொல்லுவோம். போறவரு சட்ட, போறவரு பேட்ஜி, போறவரு பேரு. சூப்பர்வைசருக்குத் தெரியும், கண்டுக்க மாட்டாரு.

பக்கத்து வீட்டுக்காரரு அப்பாவுக்கு முடியலன்னு ஊருக்குப் போனாரு. எங்க அண்ணன் அவரு சட்டைக்குள்ள போனான். சட்ட பெருசு, தோளு தொங்கும். "என்னண்ணா, ஆளே இல்லாம சட்ட மட்டும் நடந்து வருது"ன்னு கிண்டல் பண்ணுவேன்.

வண்டிய இழுத்துக்கிட்டு பின்பக்கமாவேதான் லிஃப்ட்டுக்குள்ள போவான், எல்லாரும் அப்படித்தான். அன்னிக்கு மேல் மாடில கதவு தொறந்துச்சு. லிஃப்ட்டு வரல. அவன் பாக்கல.

கூட இருந்த பசங்க தூக்கிட்டு ஓடுனாங்க. ஆஸ்பத்திரில பேரு என்னன்னு கேட்டதும், நெஞ்சுல குத்தியிருந்த பேட்ஜில என்ன பேரு இருந்துச்சோ அதயே சொல்லிட்டாங்க. பொய் சொல்லணும்னு இல்ல. அவங்களுக்கு அவன அந்தப் பேர்லதான் தெரியும்.

நானும் அம்மாவும் போயி அவன் பேரச் சொல்லிக் கேட்டா, அப்படி யாருமே இல்லன்னுட்டாங்க. வார்டு வார்டா பூந்து நாங்களே கண்டுபிடிச்சோம். அம்மா அவன் பேரச் சொல்லிச் சொல்லி கூப்டுச்சு. கண்ணு அசையல. நர்ஸ் வந்து பேட்ஜி பேரச் சொன்னாங்க. கண்ணத் தொறந்து "ஹாங்"ன்னான்.

அதுதான் அவன் கடைசியா பேசுனது.

எல்லாம் முடிஞ்சப்புறம் யூனியன்ல இருக்கற ஒரு அண்ணா வீட்டுக்கு வந்தாரு. "வேலைல அடிபட்டா ஓட்டல்காரங்கதான்மா நஷ்டஈடு குடுக்கணும். ஆனா அவன் அங்க வேல செஞ்சான்னு நாமதான் காட்டணும்"ன்னாரு. லேபர் ஆபீஸ்ல கேஸ் போட்டோம். ஆபீசர் மேடம் ஒருத்தங்கதான் விசாரிச்சாங்க. ஓட்டல்காரங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "அந்தப் பையன் யாருன்னே தெரியாது. யாரயோ பாக்க வந்தவன், லிஃப்ட்டு கிட்ட எதுக்குப் போனானோ." அம்மா வெளிய வந்து படிக்கட்டுல ஒக்காந்துடுச்சு. "காசு வந்தா வரட்டும், வராட்டி போவட்டும்டி. எம்புள்ள அங்க இருந்தான்னு ஒருத்தராச்சும் சொல்லணும்"ன்னுச்சு.

அவனோட டிபன் பை அங்கயே கெடந்துச்சு. எடுத்துட்டு வரலாம்னு போனேன். ஓட்டலுக்குப் பின்னாடி, குப்பத்தொட்டி பக்கத்துல ஸ்டாஃப் கேட்டு. செவுத்துல ஒரு மெஷினு மாட்டியிருக்கும். மூஞ்சிய காட்டுனா, அதுல இருக்கற பொம்பள கொரலு பேரச் சொல்லி தேங்க்யூ சொல்லும். அட்டெண்டன்ஸ் விழுந்துடும். நான் சும்மாதான் தாண்டிப் போனேன். வெளக்கு எரிஞ்சுச்சு. பேட்ஜி பேரச் சொல்லி "தேங்க்யூ"ன்னுச்சு.

எனக்கும் எங்க அண்ணனுக்கும் ஒரே மூஞ்சி. அவனுக்கு மீச கூட சரியா வரல. வாட்ச்மேன் கையில இருந்த டீய அப்படியே வெச்சுட்டாரு. "அய்யோ தேவரே"ன்னு கன்னடத்துல சாமிய கூப்டாரு. டிபன் பைய எடுத்தாந்து என்னத் தொடாம குடுத்தாரு.

யூனியன் அண்ணா கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. அடுத்த நாளும் போனேன். அதுக்கப்புறமும் போனேன். நின்னா போதும், வெளக்கு எரியும். எங்க அண்ணன அதுக்குத் தெரியும். இந்த ஊர்லயே அவன் இன்னும் இருக்கான்னு நெனச்சுட்டிருந்தது அது ஒண்ணுதான். வாட்ச்மேன் வேற பக்கம் திரும்பிக்குவாரு. ஒரு நாள் மெஷினோட கண்ணாடில நான் தெரிஞ்சேன். கண்ணு கிட்ட, வாயி கிட்ட, நான் இல்ல. திரும்பி ஓடியாந்துட்டேன். மறுநாளும் போனேன்.

அடுத்த வாய்தாவுல பேட்ஜிக்காரரு, அந்தப் பக்கத்து வீட்டுக்காரரு, வந்தாரு. ஓட்டல்காரங்க அவர ஊர்ல இருந்து வரவெச்சு திரும்ப வேல குடுத்திருந்தாங்க. "நான் ஊருக்கே போவல மேடம். தெனமும் வேலைல இருந்தேன்"ன்னாரு. எம்மூஞ்சிய பாக்கவே இல்ல. மேனேஜரு மெஷினுல இருந்து எடுத்த பேப்பர நீட்டுனாரு. "பாருங்க மேடம். அந்தப் பையன் செத்ததுக்கப்புறமும் இவரு டியூட்டிக்கு வந்திருக்காரு. அப்ப மெஷினுல இருக்கறது இவருதான?"

பேப்பர எட்டிப் பாத்தேன். அந்த நாளெல்லாம் நான் போயி நின்ன நாளு.

"மேடம், அது அவரு இல்ல. நான்தான்"னேன். யூனியன் அண்ணா என் கைய அழுத்துனாரு. நான் நிறுத்தல. "என்னப் பாத்து எங்க அண்ணன்னு நெனச்சு அட்டெண்டன்ஸ் போடுது மேடம். நீங்களே வந்து பாருங்க."

மேடம் கண்ணாடியக் கழட்டிட்டு என்னயே பாத்தாங்க. "பேய்க் கத சொல்றியா?"ன்னாங்க. ஆனா வந்தாங்க. ஆபீஸ்ல இருந்து நேரா, எல்லாரயும் கூட்டிக்கிட்டு, யாரும் போன் பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டு.

மொதல்ல நான் நின்னேன். வெளக்கு எரிஞ்சுச்சு, பேட்ஜி பேரு வந்துச்சு, தேங்க்யூ. மேடம் அவர கூப்டாங்க. "உங்க பேருதான? நீங்க நில்லுங்க."

அவரு நின்னாரு. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." தலமுடிய ஒதுக்கிட்டு திரும்ப நின்னாரு. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." வேர்த்துக் கொட்டுது. அவரோட சொந்தப் பேருக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, தானே இல்லாம போன மாதிரி பாக்கறாரு. "ஊருக்குப் போறப்ப எம்மூஞ்சிய அழிச்சுட்டு அவன் மூஞ்சிய ஏத்துனாங்க மேடம்"னு அங்கயே ஒக்காந்துட்டாரு. "இப்ப என் அட்டெண்டன்ஸ கையாலதான் எழுதிக்கறாங்க. மெஷின்ல திரும்ப ஏத்தச் சொன்னேன், யாரும் ஏத்தல." அப்புறம் எங்கம்மாவ பாத்து, "அக்கா, அவன் எனக்காகத்தான் வந்தான்"ன்னாரு. அம்மா தலைய மட்டும் ஆட்டுச்சு.

மேடம் மேனேஜர் கிட்ட, "நஷ்டஈட்டு ஆர்டர நான் பாத்துக்கறேன். மொதல்ல இந்த மூஞ்சிக்கு அந்தப் பையன் பேரப் போடுங்க, என் கண்ணு முன்னாடி"ன்னாங்க. கம்ப்யூட்டர் பையன் வந்து அடிச்சான். ஸ்பெல்லிங் நான் சொன்னேன், தப்பாத்தான் இருக்கும்.

"வருதா பாரும்மா"ன்னாங்க மேடம்.

போயி நின்னேன். அந்தப் பொம்பள கொரலு, எங்க அண்ணன் பேர, அவன் சொந்தப் பேர, இழுத்து இழுத்து சொல்லுச்சு.

"ஹாங்"ன்னேன். நான் சொல்லணும்னு சொல்லல. அதுவா வந்துச்சு. அம்மா திரும்பி என்னப் பாத்துச்சு.

எல்லாரும் கெளம்பறப்ப வாட்ச்மேன் பழக்கத்துல சொல்லிட்டாரு. "அவுட் பஞ்ச் மாடும்மா, போறப்பவும் மூஞ்சிய காட்டிட்டுப் போ. இல்லன்னா உள்ளயே இருக்கற மாதிரி காட்டும்." சொல்லிட்டு அவரே வாயப் பொத்திக்கிட்டாரு.

நான் பண்ணல. அம்மாவ கூட்டிக்கிட்டு வந்துட்டேன்.