ஞாயிறுக்குச் சேர்த்த தெம்பு

டெங்குக் காய்ச்சல் என் மனைவியை விட்டுப் போய் மாதக்கணக்காகிவிட்டது. களைப்பு மட்டும் போகவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருமே டாக்டர்மார்தான். டெங்குவுக்குச் செவ்விளநீர் குடிக்கச் சொன்னார் ஒருவர். சீனி வருத்தக்காரர் அதைத் தொடவே கூடாது என்றார் இன்னொருவர். தினமும் கடற்கரைப் பக்கம் நடந்தால் எல்லாம் பறந்துவிடும் என்று சொன்ன கீழ்வீட்டுக்காரருக்கு நான் வாசலைக் காட்டினேன். குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடிக்கிறவளுக்கு இவர் கடற்கரையைக் காட்டுகிறார்.

உண்மையான டாக்டர்தான் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இவளைப்போல நீரிழிவு உள்ளவர்களுக்கு இப்படியான காய்ச்சலுக்குப் பிறகு களைப்பு நாள்பட்டு நிற்கலாம், சீனி அளவும் ஏறி இறங்கும், உடம்பு கேட்கிற நேரம் ஓய்வு கொடுங்கள் என்றார்.

அவள் ஓய்வு எடுக்கத்தான் செய்தாள். எதற்காக எடுத்தாள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். ஞாயிறு பொழுதுபடுகிற நேரம் வீடியோ கோல் எடுப்பான். அதற்காகச் சனிக்கிழமை முழுவதும் இவள் படுத்தே கிடப்பாள். ஞாயிறு மத்தியானம் தலைகூடச் சீவி இழுக்கமாட்டாள், தெம்பு கரைந்துவிடுமாம். நான்தான் இழுத்துவிடுவேன். நல்ல சட்டை, பொட்டு, கொஞ்சம் பவுடர். மகனின் முகம் தெரிந்ததும் அந்தக் குரல் எங்கிருந்துதான் வருமோ! மீன் விலை, மேல்வீட்டுக் கலியாணப் பேச்சு எல்லாம் சிரித்துச் சிரித்துக் கதைப்பாள். மீன் வாங்குகிறவன் நான், கதை மட்டும் அவளுடையது. கோல் முடிந்ததும் கதிரையிலிருந்து தூக்கிவிட வேண்டும். திங்களும் செவ்வாயும் கட்டிலோடு போய்விடும்.

எங்கள் ஆட்களின் வழக்கம் இது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியில் எந்த வீட்டிலும் யாருக்கும் நோய் வருத்தம் வராது. அங்கிருந்து கேட்டால் வெள்ளவத்தை முழுவதும் நல்ல சுகம்.

“உள்ளதைச் சொல்லுமப்பா அவனுக்கு” என்று எத்தனையோ தரம் சத்தம் போட்டுப் பார்த்தேன்.

“அங்கை தனியக் கிடந்து தவிப்பான். நீங்கள் பேசாமல் இருங்கோ.”

அவன் ஆவணியில் வருவதாக இருந்தது. காய்ச்சலென்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதுமே டிக்கெட் போட்டுவிட்டான். அவன் வருகிற நாளையே நினைத்துக்கொண்டுதான் அவள் குளிசை விழுங்கினாள், சோற்றையும் விழுங்கினாள். வந்தால் தன் கையால் புட்டு அவிக்க வேண்டும் என்பாள். மாக் குழைக்கக் கையில் பலம் வருமா என்று நான் கேட்கவில்லை. அவன் அறைத் திரைச்சீலைகளை மட்டும் என்னைக்கொண்டு தோய்ப்பித்தாள்.

போன ஞாயிறு அவள் வழக்கத்தைவிட நன்றாகக் கதைத்தாள். மகனும் சந்தோசப்பட்டான்.

“அம்மா, நீங்கள் நல்லாத் தேறிட்டீங்கள். முகத்திலேயே தெரியுது. இஞ்சை இப்ப லீவு எடுக்கிறது சரியான கஷ்டம். டிக்கெட்டை அடுத்த வருசத்துக்கு மாத்தட்டோ?”

நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“ஓமடா தம்பி, அவசரமில்லை, ஆறுதலா வா. எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கிறன்” என்றாள். சிரித்தாள். அவன் கையசைத்துவிட்டுப் போனான்.

அவளைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். அவன்மேலும் கோபம், இவள்மேலும் கோபம். யாரைப் போய் ஏசுவது? அவன் கண்டதைத்தானே அவன் நம்பினான். அவள் முகத்தில் பவுடர் அப்படியே இருந்தது.

“அழுறதெண்டால் அழுமன். இஞ்சை நான்தானே இருக்கிறன்” என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“அழவும் ஏலாமல் கிடக்கப்பா. நாளைக்கு அழுறன்.”