பொட்டலம் என்று கூப்பிட்டால்

முடியை வகிடாகப் பிரிக்கிறார். பஞ்சால் தோலைத் துடைத்து, பசை தடவிய உலோக வில்லை ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். பிறகு அடுத்த வகிடு, அடுத்த வில்லை. ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் பசைக்காரர் என்றுதான் பெயர். காதில் ஒலி விழுந்தாலும் கண்ணில் ஒளி பட்டாலும் மூளை லேசாக ஒரு மின்முனகல் முனகும். அதைப் பிடித்துக் கோடாக வரைவது அவர் தொழில். பேருந்தில் ஏறினாலும் அவர் பார்வை யார் முகத்துக்கும் போகாது, தலைக்குத்தான் போகும். “நல்ல முடி. ஆனா எண்ணெய். வில்லை நிக்காது” என்று தனக்குள் தள்ளுபடி செய்துவிடுவார்.

சட்டைப்பையில் எப்போதும் ஷாம்பூ பாக்கெட் இருக்கும். பசை காய்ந்த தலையோடு யாரையும் அனுப்பமாட்டார். ஆனால் நினைவு தப்பியவர்களிடம் மட்டும் வாயே திறக்கமாட்டார்; மேசையைத் துடைப்பதுபோல் கழுவிவிடுவார். பதில் வராத இடத்தில் பேச்சு வீண் என்பது அவர் கட்சி. மனைவி விடுவாளா? “ஒருநாள் உங்க தலையில அத ஒட்டிப் பாக்கணும். நான் பேசறது உள்ள போகுதா, சுவத்துல பட்டுத் திரும்புதான்னு தெரியணும்ல.”

சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கண் திறந்திருந்தது, பார்வை எதிலும் நிற்கவில்லை. காதில் விழுவது மூளைக்கு எட்டுகிறது என்று தெரிந்தால் பேச்சையும் நடையையும் மீட்கும் பயிற்சிப் பிரிவில் இடம். இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட வந்திருந்த அக்கா தையல்காரி. தம்பியின் காலைப் பிடித்துவிட்டபடி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். “கட்டைகிட்ட போய்ப் பேசறியேன்னு அம்மாவே சொல்றாங்கண்ணா. கேக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க” என்றாள்.

சம்பந்தமில்லாத பெயர்களுக்கு நடுவே சொந்தப் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்கவிட வேண்டும். தன் பெயர் புரிந்தால், அது காதில் விழுந்து கால் நொடிக்குச் சற்றுப் பின் கோட்டில் ஒரு மேடு எழும். நோயாளிச் சீட்டில் இருந்த பெயரை அக்காவின் குரலிலேயே பதிவுசெய்து ஓடவிட்டார். கோடு இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது.

அக்கா திரையைப் பார்த்தாள். “ஒண்ணுமில்லையாண்ணா?”

வில்லையைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது. “வீட்ல இந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவியாம்மா?”

“இந்தப் பேர யாரு கூப்பிட்டா? அது பள்ளிக்கூடத்துக்கு வச்சது. எனக்கு அவன் பொட்டலம். பொறந்தப்ப துணியில சுத்திக் கையில குடுத்தாங்க, அதே நின்னுபோச்சு.”

“முதல்லயே கேட்டிருக்கணும். என் தப்பு.”

அந்தப் பெயரைச் சொல்லச் சொல்லி மறுபடி பதிவுசெய்தார். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. “டேய் பொட்டலம்” என்று அவள் அதட்டியதில் பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாள். மூளை அதட்டலுக்கே திடுக்கிட்டால், பெயரைக் கேட்டுத்தான் என்று எப்படிச் சொல்வது? மற்ற பெயர்களையும் அதே கோபத்தில் சொல்ல வேண்டும் என்றார்.

“டேய் சுண்டெலி” என்றாள். கடன் கேட்பதுபோல் வந்தது. “டேய் தக்காளி.” சிரிப்பு வந்துவிட்டது. “முன்னபின்ன தெரியாதவன எப்படிண்ணா திட்டறது?”

“தம்பி என்ன பண்ணினா உனக்குக் கோபம் வரும்?”

“என் கத்தரிக்கோல எடுத்துக் கம்பி வெட்டுவான், பாவி.”

“அதத்தான் சுண்டெலியும் பண்ணிட்டான்னு வச்சுக்க.”

இந்த முறை சுண்டெலி தப்பவில்லை. தக்காளியும் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டது.

மூன்றையும் கலந்து ஓடவிட்டார். சுண்டெலிக்குக் கோடு அசையவில்லை. தக்காளிக்கும் இல்லை. பொட்டலத்துக்கு மட்டும் மெல்ல முதுகை நிமிர்த்தியது. நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினார். அதே இடத்தில் அதே மேடு. டாக்டர் வந்து பார்த்துப் பயிற்சிப் பிரிவுக்குச் சொல்லியனுப்பும்வரை அக்கா தம்பியின் காலை விடவில்லை.

கொத்தனார் இப்போதும் பயிற்சிப் பிரிவில்தான் இருக்கிறார். பேச்சு வரவில்லை. அவ்வப்போது மறுசோதனைக்குக் கொண்டுவருகிறார்கள். சோதனை முடிந்ததும் பசைக்காரர் வில்லைகளைக் கழற்றி, ஷாம்பூவைப் பிரித்து, குவளையோடு அவர் காதருகே குனிகிறார்.

“பொட்டலம், தண்ணி ஊத்தப் போறேன். கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்.”

சற்றுப் பொறுத்துத்தான் ஊற்றுகிறார்.