பௌர்ணமியன்று வந்து சேராத பதில்

என் வீட்டுக்காரரின் குரல் ஒரு பழைய லேப்டாப்பில் இருந்தது. தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்ததும், மனுஷன் அதன் முன்னால் உட்கார்ந்து பேசிப் பேசிப் பதிவு செய்தார். எனக்காகத்தான். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. "ஏய், கொழம்புல உப்பு ஜாஸ்தி", "மோட்டார நிறுத்துனியா இல்லையா" என்று தினம் என் உயிரை வாங்குகிற பேச்சுதான். நடுவில் என்னிடம் மட்டும் பேசுகிற பேச்சும் உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச காலம்தான் இருந்தார். அவர் போன பிறகு மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நான் அதைப் போட்டுக் கேட்பேன்.

எங்களுக்குச் செங்கம் ரோட்டுப் பக்கம் வீடு. மாடி ரூம்களை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அப்படித் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர்தான், பழைய மெஷினுக்கு இதுதான் சரி என்று லேப்டாப்பில் லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதை ஆசையாகக் கற்றுக்கொண்டார். எனக்கு அவர் பேச்சு இருக்கிற ஃபோல்டரைத் திறக்கவும் மூடவும் தெரியும், அவ்வளவுதான்.

பேட்டரி எப்போதோ செத்துப்போனதால் ஒயரை மாட்டித்தான் ஓட்டுவேன். ஒருநாள் மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. அதற்குப் பிறகு லேப்டாப்பைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளையாக இங்கிலீஷ் வரிகள், அவ்வளவுதான். பெங்களூரில் இருக்கும் மகன், "கடையில குடும்மா, பாத்துக் குடுப்பாங்க" என்றான். கடையில் கொடுத்தால் ரிப்பேர் செய்கிறவன் ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்க மாட்டானா? புருஷன் பெண்டாட்டியிடம் பேசியதை எவனோ ஒருத்தன் டீயைக் குடித்துக்கொண்டே கேட்பதா? இதே காரணத்துக்காகத்தான் யாரிடமும் கொடுத்து இன்னொரு காப்பியும் எடுக்கவில்லை.

அதனால் இணையத்தில் தேடி, லினக்ஸுக்கு உதவி செய்கிற ஒரு தமிழ்க் குழுவில் சேர்ந்தேன். திரையைப் போனில் படம் பிடித்துப் போட்டு, "இது ஏன் இப்படி நிக்குது, யாராச்சும் சொல்லுங்க" என்று எழுதினேன். ஒருத்தர், முதலில் தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்றார். "தேடத் தெரிஞ்சா உங்கள ஏன் கேக்கறேன்" என்று எழுதினேன்.

இன்னொருவர் மட்டும் பொறுமையாகப் பேசினார். பேர் தெரியாது, ஊர் தெரியாது, படத்தில் ஒரு பூனை. "பதறாதீங்கக்கா, கரண்ட் போனா இப்படி ஆகறதுதான்" என்று சொல்லி, ஒரே ஒரு வரி கட்டளை அனுப்பினார். அதைத் தட்டினால் டிஸ்க்கில் உள்ள கோளாறை லினக்ஸே சரி செய்துகொள்ளும், நடுவில் அது கேட்கும் கேள்விக்கெல்லாம் தானே ஆமாம் சொல்லிக்கொள்ளும் என்றார். அன்றைக்குப் பௌர்ணமி. ரூம்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. கீழே தண்ணீர், படுக்கை, சாப்பாடு என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டார்கள். நான் அந்த வரியை ஒரு காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

பௌர்ணமியன்று எங்கள் ஊரில் போன் டார்ச் அடிக்கத்தான் ஆகும். கிரிவலத்துக்குக் கூட்டம் சேரச் சேர மத்தியானத்துக்கே நெட்வொர்க் படுத்துவிடும். உள்ளூர்க்காரர்கள் பேச வேண்டியதைக் காலையிலேயே பேசி முடித்துவிடுவோம். சாயங்காலம் நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபோது போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கென்ன, வேண்டியது கையில் இருக்கிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினேன். வரிகள் மளமளவென்று ஓடி நின்றன. திரும்பப் போட்டதும் திரை பளிச்சென்று வந்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது. அந்த முகம் தெரியாத ஆள் நன்றாக இருக்க வேண்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

மறுநாள் கூட்டம் கலைந்த பிறகு போனில் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது. "அக்கா, அத தட்டிடாதீங்க. உங்க படத்த பெருசு பண்ணிப் பாத்தேன், டிஸ்க்கே கெட்டுப்போற மாதிரி தெரியுது. மொதல்ல அப்படியே இன்னொரு டிஸ்க்ல காப்பி எடுக்கணும், இல்லேன்னா உள்ள இருக்கறது அழிஞ்சிடும்." நான் எழுதி வைத்துவிட்டு எழுந்து போன கொஞ்ச நேரத்திலேயே அனுப்பியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில், நேரில் இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். முதலிலேயே பெரிதாக்கிப் பார்த்தால் என்ன கேடு? ஆனால் அதற்குக் கீழேயும் இருந்தது. "அக்கா, பாத்தீங்களா?" "அக்கா, நிறுத்திட்டீங்களா?" "ஒரு வார்த்த சொல்லுங்கக்கா." மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை அந்த மனுஷன் இப்படியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

தட்டிவிட்டேன் என்று எழுதினேன். அன்று முழுக்க என் கூடவே இருந்து, அங்கே தேடுங்க, இங்கே தேடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு மூலையில் வெறும் நம்பர் மட்டும் பேராக உள்ள சில ஃபைல்கள் கிடைத்தன. எதுவும் பாடவில்லை. கடைசியில் அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, அதுல முக்கியமா என்ன இருந்துச்சு?"

திட்டலாம் என்றுதான் போனைக் கையில் எடுத்தேன். சொல்லிவிட்டால் அந்தப் பாரம் அந்த ஆளுக்குச் சாகும்வரை போகாது. சொல்லி எனக்கு என்ன திரும்பி வரப்போகிறது?

"ஒண்ணுமில்லீங்க. பழைய சினிமாப் பாட்டுதான்" என்று எழுதினேன்.

"அப்பாடா, நல்லவேளைக்கா. நான் பயந்தே போயிட்டேன்" என்று உடனே பதில் வந்தது. அன்றைக்கு நெட்வொர்க் நன்றாகவே வேலை செய்தது.

இப்போது மத்தியானங்களில் என் வீட்டுக்காரர் பேசியதை நானே மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. எல்லாம் என் குரலில்தான் வருகிறது.