தண்ணீர்ப் பந்தலில் ஒரு ராஜா

எங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு வியாதி இருந்தது. மேடை ஏறினால் எதையும் தன் வார்த்தையாகச் சொல்ல மாட்டார். செத்துப்போன பெரிய மனுஷன் யாராவது சொன்னதாகத்தான் சொல்வார். ஷேர் ஆட்டோவின் முதுகில் எழுதியிருந்த "பொறுமையா வந்தா பொண்டாட்டி முகம் பார்க்கலாம்" என்பதைக்கூட ஒரு கிரேக்க ஞானியின் தலையில் கட்டியிருக்கிறார். கீழ்க்கட்டளையிலிருந்து கிளம்பிப் போய் கிரேக்கத்தில் யார் விசாரிப்பது? ஜனங்கள் கைதட்டினார்கள்.

இந்தப் பொன்மொழிகளுக்கெல்லாம் சப்ளையர் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. மேடவாக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிற வேலை. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அந்த ஒரு விஷயத்தில் நான் அவருடைய நேர் வாரிசு. கூட்டத்துக்கு முந்தின நாள் கவுன்சிலர் போன் செய்வார். மாமா காதில் விழுந்த எதையாவது செந்தமிழில் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, ஒரு பெரிய பெயரையும் மாட்டி அனுப்புவார். கூலி, பிரியாணி.

எனக்கு ஒன்பது வயதான அந்தக் கோடையில் எங்கள் தெருவில் போர் வற்றிவிட்டது. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மழை வந்தால் எங்கள் கட்டிலுக்கடியில் தண்ணீர் நிற்கும். வெயில் வந்தால் குடத்துக்குள் காற்று நிற்கும். தெருமுனையில் அம்மா மீன் விற்றுக்கொண்டிருந்தாள். மீனை அலசக்கூடத் தண்ணீர் இல்லை. வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் கடையைத் தூக்கிவிட வேண்டியதுதான் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் தண்ணீர் லாரி வந்தது. எங்களைத் தாண்டி நேராகப் புது அபார்ட்மென்ட் பக்கம் திரும்பியது. அம்மா காலிக் குடத்தோடு குறுக்கே போய் நின்றாள்.

"உங்க தெரு லிஸ்ட்ல இல்லம்மா. ரூல்ஸ் அப்டி. வழி வுடு" என்றான் டிரைவர்.

"தவிச்ச வாய்க்கு ரூல்ஸ் பேசாதடா! மொதல்ல தண்ணிய ஊத்து, அப்பால வாயத் தொற!"

இதற்கு முன்னும் பின்னும் அம்மா சொன்ன சொற்களை அச்சில் போட முடியாது. லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டு ஒதுங்கிப் போய்விட்டான். பல் விளக்கிக்கொண்டிருந்த மாமா மட்டும் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார்.

அந்த வாரமே கவுன்சிலர் எங்கள் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் திறக்க வந்தார். குடிக்கத் தண்ணீரில்லாத தெருவில் நான்கு மண்பானை, தர்பூசணி, மாலை, மைக் செட். பின்னால் பெரிய பேனர். அதில் முறுக்கு மீசையோடு ஒரு மாமன்னர். அவர் பக்கத்தில், அதே அளவு முறுக்கு மீசையோடு கவுன்சிலர்.

"ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் ஏரி வெட்டிய மாமன்னர் என்ன சொன்னார் தெரியுமா?" கவுன்சிலர் தொண்டையைக் கனைத்தார். "தவித்த வாய்க்குச் சட்டம் பேசாதே! முதலில் தண்ணீர் வார், பிறகு வாய் திற!"

ஒரே கைதட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயே, இது எங்கம்மா சொன்..." என்று கத்த ஆரம்பித்தேன். சங்கரா மீன் வாசனையோடு ஒரு கை வந்து என் வாயை அடைத்தது. மாமா ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டார்.

அம்மா என் வாயிலிருந்து கையை எடுக்காமலே கவுன்சிலரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ராஜா சொன்னத இன்னொரு தபா சொல்லுண்ணா. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

அவருக்கு ஒரே குஷி. இன்னும் சத்தமாகச் சொன்னார். கேபிள் டிவிக்காரர் கேமராவோடு கிட்டே போனார்.

"ராஜா பேச்சுக்கு மறுபேச்சு உண்டாண்ணா?"

"எப்படிம்மா உண்டு? அது கல்வெட்டு வாக்கு!"

"அப்ப சரி. தவிச்ச வாய் இங்க நின்னுகினு கீது. லாரி எங்கண்ணா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் குடத்தைக் கொண்டுபோய் மேடையில் வைத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் கவுன்சிலரின் இடுப்பு வரைக்கும் பிளாஸ்டிக் குடங்கள். "லிஸ்ட்டு... ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தார்.

"அய்ய, ரூல்ஸ் பேசாதண்ணா! ராஜா கோச்சிக்கப் போறாரு!" என்றாள் அக்கா.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கவுன்சிலர் பேனரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டதால், லாரிக்காரனிடம் அவர் கெஞ்சியது தெரு முழுக்கக் கேட்டது. பொழுது சாய்வதற்குள் லாரி வந்தது. மழை பிடிக்கிறவரை வந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சண்டை போட்டேன். "அது நீ சொன்னதுன்னு ஏம்மா சொல்லல?"

"போடா லூசு. நான் சொன்னா இன்னா, ராஜா சொன்னா இன்னா? குடத்த எடு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய பிரியாணி அன்றோடு நின்றது.

பந்தலைப் பிரித்தபோது அம்மா அந்த பேனரைக் கேட்டு வாங்கி, மீன் கடைக்கு மேலே கூரையாகக் கட்டிக்கொண்டாள். கவுன்சிலர் இருந்த பக்கத்தை வெயில் அடிக்கிற திசைக்குத் திருப்பியிருந்தாள். மீன் வாங்க வருகிறவர்கள் நிமிர்ந்து ராஜா படத்தைப் பார்த்து, "ராஜா சூப்பரா சொல்லிக்கீறாருல்ல?" என்பார்கள். "ஆமாக்கா, பெரிய மனுஷன்" என்று சொல்லிவிட்டு, அம்மா மீனை இரண்டு தண்ணீரில் அலசிக் கொடுப்பாள்.

அவள் வார்த்தையை ஒரு மீசைக்காரன் திருடிவிட்டான் என்று அந்தக் கோடை முழுக்க நான் பேனரைப் பார்த்து முறைத்தேன். அதே வார்த்தையை அம்மா சொன்ன காலையில் அந்த லாரி ஏன் நிற்கவில்லை என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.