மைதானத்தில் கேட்ட கேள்விகள்

கொழும்பில் அந்தப் பயிற்சிக்குப் போன நாங்கள் எல்லோரும் காய்ச்சலும் இருமலும் பார்க்கிற சாதாரண வைத்தியர்கள்தான். விளையாடுகிறவர்களின் முழங்காலையும் கணுக்காலையும் மண்டையையும் பார்ப்பதற்குத் தனியாக ஒரு படிப்பு இருக்கிறது என்பதே எங்களில் பாதிப் பேருக்கு அங்கே போனபிறகுதான் தெரிந்தது. வகுப்பு மட்டும் போதாது, சனி ஞாயிறுகளில் அவரவர் ஊர் மைதானத்தில் வைத்தியராக நிற்கவும் வேண்டும் என்பது நிபந்தனை. எண்பதுகளின் தொடக்கம் அது. என் பங்குக்கு மலையகத்தில் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் புட்போல் போட்டி வந்தது.

மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மலையைச் சீவி எடுத்த ஒரு துண்டு நிலம். பந்து ஒரு பக்கம் உருண்டால் தேயிலைக்குள் இறங்கித் தேடவேண்டும். எல்லைக்கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். பரிசு கொடுக்க வந்தவள் என்று பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். "பொம்பள டொக்டருக்கு இங்க என்ன வேலை?" என்று பின்னால் ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். மழையே இல்லை, அவர் குடையை விரித்துக்கொண்டார்.

அன்று இறுதி ஆட்டம். எங்கள் தோட்டமும் பக்கத்துத் தோட்டமும் ஆளுக்கு ஒரு கோல். எங்கள் கோலைப் போட்டவன் என் தம்பி. இரண்டாம் பாதியில் உயரே வந்த பந்துக்கு அவனும் எதிரணிக்காரன் ஒருவனும் சேர்ந்து எகிறினார்கள். மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் என் நாற்காலிவரை கேட்டது. மற்றவன் தலையைத் தடவிக்கொண்டு ஓடிவிட்டான். தம்பி கிடந்தான். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து சிரித்தான். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை.

"ஒண்ணுமில்ல டொக்டரம்மா, வெளையாடுவான், விடுங்க" என்றார் எங்கள் அணியின் கப்டன்.

அந்தச் சிரிப்பைத்தான் நம்பக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மூளை குலுங்கியவன் மறுபடி ஆடப்போய் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. எந்த மைதானம், எந்தப் பாதி, கோல் போட்டது யார் என்று எளிய கேள்விகள் கேட்டுப் பார்க்கவேண்டும். தடுமாறினால் ஆட்டம் அவனுக்கு முடிந்தது. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் கேட்கத் தொடங்கினேன்.

"இது எந்தப் பாதிடா?"

"ரெண்டாவதுன்னு சொல்லுடா!" என்றார் பின்னால் நின்ற கோல்காப்பாளர்.

"ரெண்டாவது" என்றான் தம்பி.

"நம்ம பக்கம் கோல் போட்டது யாரு?"

"நீதான்டா, நீதான்!" என்று மைதானமே சொல்லிக்கொடுத்தது.

"நான்தான்" என்றான்.

பிள்ளை பரீட்சையில் பெயிலாகிவிடுமோ என்ற பதைப்பு அவர்களுக்கு. "வாயை மூடுறீங்களா எல்லாரும்!" என்று கத்தினேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அடுத்த கேள்விக்கும் பதில் நாலு பக்கமிருந்தும் வந்தது.

"எல்லாத்துக்கும் சரியாத்தானே சொல்றான்?" என்று கப்டன் அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

எழுந்து நின்ற தம்பி கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அம்மா எங்கக்கா? மெட்ச் பாக்க வர்றேன்னு சொன்னாங்களே."

ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் இந்தியாவுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, எங்கள் இருவருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை. தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி நகர்ந்தபோது பிளாட்பாரம் முடிகிறவரை கூடவே ஓடியவன் இந்தத் தம்பிதான். சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அவர்களும் யாரையாவது அப்படி ஏற்றிவிட்டு வந்தவர்கள்தான். கப்டன் அவன் கையை விடாமலே, "ஆள மாத்துறோம்" என்று நடுவரிடம் சொன்னார்.

தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் மறுபடி கேட்டான்.

"ஊருக்குப் போயிட்டாங்கடா" என்றேன்.

"எப்ப? எங்கிட்ட சொல்லாமயா?"

அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவனாக விம்மி விம்மி அழுதான். கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் கேட்டான். திரும்பவும் சொன்னேன். திரும்பவும் அழுதான். குழம்பியிருப்பவனிடம் உண்மையையே சொல்லவேண்டும் என்பது நான் படித்தது. அதற்கு அடுத்த தடவை என்னால் முடியவில்லை.

"வீட்டுலதான்டா இருக்காங்க. சோறு ஆக்கிக்கிட்டு இருக்காங்க."

அவன் முகம் தெளிந்துவிட்டது. என் தோளில் சாய்ந்துகொண்டான். அந்த நேரம் அவனைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

மறுநாள் காலையில் ஆள் தெளிந்து எழுந்தான். அம்மா போனது ஞாபகம் இருந்தது, மெட்ச்தான் பாதிக்குமேல் நினைவில் இல்லை.

"நேத்து நான் என்னமோ கேட்டுக்கிட்டே வந்தேனாமே, என்னக்கா அது?"

"யாரு ஜெயிச்சாங்கன்னு கேட்ட."

"யாரு ஜெயிச்சா?"

"அவங்கதான்."

"என்னைய ஏன் வெளியில எடுத்தீங்க? நான் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்ல?" என்று சீறிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்தக் கோபத்தைப் பார்த்துக்கொண்டே கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.