மூக்குக் குழாயும் ஒரு ஸ்பூன் காப்பியும்

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை வீடு. நான் உள்ளே நுழைந்தபோது ராமசாமி ஐயாவின் இரண்டு கைகளும் கட்டில் கம்பியோடு துண்டால் கட்டப்பட்டிருந்தன. மூக்கில் ட்யூப். மூச்சு விட்டால் நெஞ்சில் களகளவென்று சத்தம். மகன் செந்தில் பெரிய சிரிஞ்சில் சத்துமாவுக் கரைசலை நிரப்பிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் நர்ஸ். ஐயாவுக்கு வயிற்றில் புற்றுநோய். கல்லீரல் வரை பரவி, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்ற நிலை. செந்தில்தான் வேறொரு கிளினிக்கில் கெஞ்சி ட்யூப் போட்டுக் கூட்டி வந்திருந்தார்.

"கையை எதுக்குங்க கட்டியிருக்கீங்க?"

"புடுங்கிப் புடுங்கி எறியறாருங்க சிஸ்டர். ஊட்டுக்கு வர்ற சனமெல்லாம் மொதல்ல கேக்கறதே 'சாப்ட்டாரா?'ன்னுதானுங்க. அப்பனைப் பட்டினி போட்டு அனுப்பிட்டான்னு நாளைக்கு ஊரே பேசுமுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவ்வளவு பயம் அதில்.

டாக்டருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். உடம்பு இப்போது சத்தை எடுத்துக்கொள்வதில்லை, ஊற்றுவது எதுக்களித்து வந்து நெஞ்சுக்குள் இறங்குகிறது, திணறல் அதனால்தான் என்றார். "ஃபீடிங்கை நிறுத்துங்க. ட்யூப் வேணுமான்னு ஐயாவையே கேளுங்க."

செந்தில் சிரிஞ்சைக் கீழே வைக்கவில்லை. "சாப்பிடாமத்தானுங்க இப்படித் தேஞ்சு போனாரு" என்றார்.

நான் கட்டை அவிழ்த்தேன். ஐயா கையை உதறிக்கொண்டு, கரகரத்த குரலில் மகனைக் கேட்டார்:

"ஏஞ்சாமி, நோவு வந்த கோழி என்ன பண்ணும்?"

"தீவனம் எடுக்காதுங்கப்பா."

"தீவனம் எடுக்காததாலயா நோவு வந்துச்சு?"

செந்தில் கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தார்.

"எனக்குப் பசியே இல்ல சாமி. இந்தக் கொழாதான் இம்சை."

செந்தில் சிரிஞ்சை வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். "எடுத்துருங்க சிஸ்டர்."

எடுத்தேன். வாய் காயாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். "அவரா கேட்டா மட்டும் தலையை ஒசத்தி வெச்சு, ஸ்பூன்ல ரெண்டு சொட்டு பால் குடுங்க."

ஐயாவின் தங்கை பாவாயி சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தார். "ஏன் அம்மணி, இப்பவே எங்கண்ணனுக்குப் பால் ஊத்தச் சொல்றியா?" உயிர் போகும் நேரத்தில் சொந்தங்கள் வாயில் ஊற்றும் பாலை நினைத்துவிட்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஐயாவுக்குச் சிரிப்பு. "காப்பி குடு புள்ள. எவனும் ஒண்ணும் சொல்லமாட்டான்."

அதற்குப் பிறகு யார் வந்து "சாப்ட்டாரா?" என்றாலும் பாவாயி அவர்கள் கையிலேயே ஸ்பூனைக் கொடுத்துவிடுவார். "காப்பி வேணுமான்னு கேட்டுட்டு நீங்களே குடுங்க." வந்தவர்கள் புத்தி சொல்வதை விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நெஞ்சுச் சத்தமும் குறைந்தது. சில நாள் கழித்து, மகனின் கையைப் பிடித்தபடி, திணறல் இல்லாமல் ஐயா போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்கப் போயிருந்தேன். பெரியவர் ஒருவர் செந்திலிடம், "கடைசியா என்ன சாப்ட்டாரு?" என்றார். எனக்குப் பக்கென்றது. செந்தில் தலை குனியவில்லை. "காப்பி கேட்டாருங்க. குடுத்தனுங்க" என்றார். அப்பாடா என்றிருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ட்யூபை எடுப்பது சுலபம். ஆனால் வீட்டாரை வெறுங்கையோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கையில் ஒரு ஸ்பூனாவது கொடுங்கள்.