கிருத்திகைக்காக எடுத்த பிள்ளை

குழந்தை அழவில்லை. பார்க்க வந்தவர்கள் அதைத்தான் முதலில் புகழ்ந்தார்கள்.

“முருகன் அம்சம், அதான் சத்தமே இல்ல” என்றார் என் மகள் வள்ளியின் மாமியார். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த உறவினர் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். பிள்ளை உறங்கிக்கொண்டே இருந்தான்.

அந்த உறக்கத்தின் காரணம் பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. வள்ளிக்கு மாதம் நிறையவில்லை, வலி இல்லை, தாய்க்கோ சேய்க்கோ ஆபத்தும் இல்லை. கிருத்திகை நட்சத்திரத்தில் பேரன் பிறக்க வேண்டும் என்று மாமியார் வீட்டார் முடிவு செய்தார்கள். தனியார் மருத்துவர் ஒருவரும் சிசேரியனுக்கு (வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் அறுவை) இணங்கினார்.

“வலி வர்ற வரிக்கும் நான் காத்துகினு இருக்கேன் நைனா” என்றாள் வள்ளி.

நான் மறுத்தபோது மாமியார் சிரித்தார். “தெனம் முருகன் மலையேறிப் பாட்டு பாடுறவரு நீங்க. நீங்களே வேணாம்னா எப்டிண்ணா?”

“பாடுறதாலதாம்மா சொல்றேன். புள்ள வர்ற நாள்ல வரட்டும். நாள் சொல்ல நாம யாரு?”

மருமகன் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். வள்ளியை எவரும் கேட்கவில்லை. மலைப்படிகளில் காவடிகள் ஏறிக்கொண்டிருந்த கிருத்திகையன்று என் பேரன் எடுக்கப்பட்டான். பிறந்தான் என்று எழுத என் கை மறுக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வள்ளிதான் கண்டுகொண்டாள். “மார்ல வெச்சதும் தூங்கிடறான் நைனா. எழுப்பினாலும் எழுந்துக்கல. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு.”

“தூங்குற புள்ளைய எவளாவது எழுப்புவாளா? பொன்னாட்டம் மின்னுறான், கண்ணு வெக்காத” என்று, பார்க்க வந்திருந்த மாமியார் அடக்கினார்.

வள்ளி பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்தாள். “ஆட்டோ கூப்புடு நைனா.”

தொட்டுப் பார்த்ததும் குழந்தை மருத்துவரின் முகம் மாறியது. “இது தூக்கம் இல்லீங்க. பசியில சோர்ந்து கெடக்குறான். முன்னாடியே எடுத்த புள்ளைங்களுக்கு உறிஞ்சத் தெம்பு இருக்காது. எதுக்கு அவசரமா எடுத்தாங்க?”

“நட்சத்திரத்துக்கு” என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு உரியவர்கள் வெளியே தாழ்வாரத்தில் விபூதிப் பொட்டலத்தோடு நின்றிருந்தார்கள்.

பிலிருபின் (இரத்தத்தில் தேங்கும் மஞ்சள் நிறப்பொருள்) ஏறியிருந்தது. மேலும் ஏறினால் மூளையைத் தாக்கும் என்றார்கள். கண்களைக் கட்டி நீல விளக்கின் கீழ்க் கிடத்தினார்கள். தையல் வலியோடு வள்ளி பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கால் புகட்டினாள். பாதத்தைத் தேய்த்து எழுப்புவது என் வேலை.

பிள்ளைத்தமிழில் கடவுளைக் குழந்தையாக்கி உறங்கவைக்கும் தாலப் பருவம் உண்டு. உறங்கும் குழந்தையை எழுப்பும் பருவம் இல்லை. வாழ்நாள் முழுதும் ஓதிய செய்யுள்களில் ஒன்றும் அங்கே என் நாவில் எழவில்லை.

ஒரு முற்பகலில், நான் பாதத்தைத் தொடும் முன்பே அவன் வீறிட்டான். “கத்துடா, இன்னும் கத்து” என்று சொல்லி வள்ளி அழுதாள்.

“பாத்தீங்களாண்ணா, முருகன் காப்பாத்திட்டான்” என்றார் மாமியார். முருகன் பெயரால் கத்தி எடுக்கச் சொன்னவர்கள் அதே பெயரால் தப்பித்தும் கொள்கிறார்கள். இந்தக் கோபம் எனக்கு ஆறாது, ஆறவும் வேண்டாம்.

இதே நிலையில் நிற்கும் குடும்பங்களுக்குச் சொல்கிறேன். மருத்துவக் காரணம் இருந்தால் அறுவை உயிர் காக்கும், தயங்காதீர்கள். நட்சத்திரம்தான் காரணம் என்றால் கையெழுத்திடாதீர்கள். பால் குடிக்க எழாத குழந்தையைச் சாது என்று கொஞ்சாமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். எல்லாவற்றுக்கும் முன், பெற்றவளைக் கேளுங்கள்.

வள்ளிக்கு இன்றும் குனிந்தால் தழும்பு இழுக்கிறது. உறங்கும் பிள்ளையைக் கண்டால் என் கை தானாகவே பாதத்தைத் தேடுகிறது.

அண்மையில் அவனை மலைக்கு எடுத்துச் சென்றோம். அர்ச்சகர் கேட்டார்: “பேரு, நட்சத்திரம்?”

“பேரு மட்டும் சொல்லுங்க சாமி” என்றாள் வள்ளி. “நட்சத்திரம் அவனோடது இல்ல. மத்தவங்க வெச்சது.”

அர்ச்சகர் என் பக்கம் திரும்பினார். நான் தலையசைத்தேன். அவன் வந்திருக்க வேண்டிய நாளை அவள் உடல் மட்டுமே அறிந்திருந்தது. இனி எந்தப் பஞ்சாங்கத்தாலும் அதைக் கணிக்க முடியாது.

மணி ஒலித்தது. பிள்ளை திடுக்கிட்டு விழித்து, சந்நிதி அதிர வீறிட்டான். அமர்த்தச் சொல்லி வரிசையில் குரல்கள் எழுந்தன.

நாங்கள் அமர்த்தவில்லை.